திஞ்சான் லீவில் பெய்ஜிங்: அம்மாவோடு ஜூயோங் கணவாய்க்குப் போகலாமா?

உளுந்துக்கடைத் தம்பி, யாங்கோன்

எல்லோருக்கும் வணக்கம். பயின்னவுங் சந்தையில் உளுந்து, பாசிப்பயறு மொத்த வியாபாரம் எனக்கு. மெஷின் ஒன்று விலை பேசத் திஞ்சான், அதாவது பர்மியப் புத்தாண்டு லீவில் பெய்ஜிங் போகிறேன். கடை எப்படியும் பூட்டித்தான் கிடக்கும். "நீ பாட்டுக்குப் போயிடுவே, நான் சித்திரை ஒண்ணாந்தேதி யாருக்குப் பாயசம் வைக்கிறது?" என்று அம்மாவும் கிளம்பிவிட்டார்.

ஒரு நாள் முழுசாகக் கையில் இருக்கிறது. சீனாவுக்குப் போய்ப் பெருஞ்சுவரைப் பார்க்காமல் வந்தால் தெருவில் கேலி பண்ணுவார்கள். டிக்கெட் போட்ட ஏஜெண்ட் படாலிங் போங்கள் என்கிறார். மெஷின் கம்பெனிக்காரர் ஜூயோங் கணவாய் இன்னும் பக்கம், கூட்டமும் குறைவு என்கிறார். இரண்டையும் போனில் பார்த்தேன். எனக்கு இரண்டும் ஒரே படிக்கட்டாகத்தான் தெரிகிறது.

சிக்கல் அம்மாவின் முழங்கால்தான். வயது 66, வலது காலில் தேய்மானம். சமதரையில் எவ்வளவு தூரமும் நடப்பார், காளியம்மன் கோயில் திருவிழாவில் என்னை விட அதிக நேரம் நிற்பார். படி என்றால் பத்துக்கு மேல் கைப்பிடி இல்லாமல் முடியாது. மேலே ஏறாதவர்களுக்கு ஜூயோங்கில் பார்க்க ஏதாவது இருக்கிறதா? இல்லை, அம்மாவை டிக்கெட் கவுண்டர் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு நான் மட்டும் ஏறி இறங்க வேண்டியதுதானா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

கமாயுட் கலா

தம்பி, யோசிக்காமல் மூதியான்யூ போங்க, அதுவும் பெருஞ்சுவர்தான். கேபிள் கார் இருக்கு, அம்மா உட்கார்ந்தபடியே மேலே போய்விடலாம். படாலிங்கிலும் கேபிள் கார் உண்டு, ஆனால் கூட்டம் தண்ணீர்த் திருவிழா அன்றைக்குச் சூலே பகோடா ரோடு மாதிரி. ஜூயோங்கில் கேபிள் காரே கிடையாது. பள்ளத்தாக்கில் நின்று அண்ணாந்து பார்க்கணும், இல்லையென்றால் ஏறணும். படி ஒவ்வொன்றும் ஒவ்வொரு உயரம், சிலது என் முட்டி வரைக்கும் வரும். அதோடு அங்கே இருக்கிற சுவர் 1990களில் எடுத்துக் கட்டினது. புதுச் செங்கல்லைப் பார்க்க எதற்கு அவ்வளவு தூரம்?

மோல்மேன் அச்சுக்கோப்பான்

தம்பி, கலா சொன்னது பாதி சரி. கேபிள் கார் இல்லை, படி மோசம், சுவரில் பெரும்பகுதி 1990களில் புதுப்பித்தது. எல்லாம் உண்மை. மூதியான்யூவும் 1980களில் பழுது பார்த்ததுதான் என்பதைக் கலா சொல்லவில்லை, போகட்டும். ஆனால் ஜூயோங்கில் ஒரு சாமான் இருக்கிறது, அதை யாரும் புதிதாகக் கட்டவில்லை. அது கீழே, சமதரையில் இருக்கிறது. அதற்காகவே அம்மாவை அங்கே கூட்டிப்போகச் சொல்வேன்.

நான் 2017 அக்டோபர் கடைசியில் போனேன். மகன் அப்போது குன்மிங்கில் வேலை. ஒரு டூரில் சேர்த்துவிட்டான். அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன், உங்களுக்கும் உதவும். காலை 7 மணிக்குப் பஸ் ஏற்றினார்கள். சுவருக்குப் போகும் வழியில் ஒரு பெரிய கடை வாசலில் இறக்கி, இது பச்சைக்கல் (ஜேட்) தொழிற்சாலை, ஒரு மணி நேரம் என்றார்கள். உள்ளே ஒரு பெண் என் கையைப் பிடித்து வளையல் ஒன்றைக் காட்டி, இது சாதாரணக் கல் இல்லை, பர்மாக் கல், உலகத்திலேயே உசத்தி என்று அரை மணி நேரம் விளக்கினாள். நான் லுங்கி கட்டிக்கொண்டு போயிருக்க வேண்டும்! நம் பாகந்துச் சுரங்கத்தில் தோண்டின கல்லைப் பர்மாக்காரனுக்கே பத்து மடங்கு விலைக்கு விற்கப் பார்த்தார்கள். இதனால் ஜூயோங்கில் எனக்குக் கிடைத்தது ஒன்றரை மணி நேரம். ஆகவே டூர் வேண்டாம் தம்பி. தனிக் கார் பிடியுங்கள், கடை எதிலும் நிறுத்தக் கூடாது என்று முன்னாலேயே பேசிவிடுங்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஜூயோங் என்பது வெறும் சுவர் இல்லை, கணவாய். இரண்டு பக்கமும் மலை, நடுவில் ஒடுங்கிய பள்ளத்தாக்கு, சுமார் 18 கிலோமீட்டர் நீளம். வடக்கே புல்வெளியிலிருந்து பெய்ஜிங் சமவெளிக்கு இறங்குகிற வழி. அதன் வடக்கு வாய்தான் உங்கள் ஏஜெண்ட் சொல்லும் படாலிங். நடுவில் பூட்டுப் போட்ட மாதிரி உட்கார்ந்திருப்பது ஜூயோங். சுவர் இரண்டு மலை மேலும் ஏறிச் சுற்றிவந்து ஒரு வளையமாகக் கோட்டையை அணைத்திருக்கும்.

அந்த வளையத்துக்கு நடுவில், ரோடு போகிற இடத்தில், வெள்ளைப் பளிங்கில் ஒரு மேடை. சீனத்தில் யூன்தாய் என்பார்கள், மேக மேடை. உயரம் ஒன்பதரை மீட்டர் இருக்கும். நடுவில் வண்டி போக ஒரு வாசல் குடைந்திருக்கிறது. வளைவு அரைவட்டம் இல்லை, மூன்று பட்டையாக மடித்த மாதிரி இருக்கும். 1342-லிருந்து 1345-க்குள் கட்டியது. அப்போது மேலே மூன்று வெள்ளைத் தூபிகள் இருந்தன. கீழே நுழைந்து போகிற ஒவ்வொருவனும், மாடு மேய்ப்பவனாக இருந்தாலும், தூபியின் அடியில் போய்ப் புண்ணியம் சேர்த்துக்கொள்ளட்டும் என்பது யோசனை. தூபிகள் போய்விட்டன. பிறகு அதே மேடை மேல் கட்டிய கோயிலும் 1702-ல் எரிந்துவிட்டது. மேடை மட்டும் நிற்கிறது.

வாசல் முகப்பில் அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள் அம்மாவை. உச்சியில் கருடன். இரண்டு பக்கமும் நாகம். கீழே மகரம், யானை. நம் கோயில் மகர தோரணத்தைச் சீனாக்காரன் செதுக்கினால் எப்படி இருக்குமோ அப்படியே. உள்ளே சுவரின் நான்கு மூலையிலும் நான்கு திசைக் காவலர்கள், ஆளை விடப் பெரிதாக. பர்மியப் பகோடாக்களில் சதுமகாராஜா என்கிறோமே, அவர்கள்தான். ஒருவர் வீணை மாதிரி ஒன்றை மீட்டுகிறார், ஒருவர் வாளை உருவுகிறார், ஒருவர் கையில் பாம்பு, ஒருவர் கையில் குடை. குடைக்காரர் வடக்கு திசைக்கு உரியவர், வைசிரவணன். நம்ம குபேரன்தான், வேறு யாருமில்லை.

எனக்கு ஆச்சரியம் இதுகூட இல்லை. நான் முப்பது வருஷம் அச்சுக்கோத்தவன். பர்மிய எழுத்தும் தமிழ் எழுத்தும் ஈயத்தில் தொட்டுப் பழகிய கை. அந்த வாசலுக்குள் ஒவ்வொரு பக்கச் சுவரிலும் ஒரு மந்திரத்தை ஆறு எழுத்தில் வெட்டியிருக்கிறார்கள். மேலே இரண்டு எழுத்து படுக்கை வரியாக ஓடுகிறது: நேபாளத்து ரஞ்சனா எழுத்தில் வடமொழி, அதன் கீழே திபெத்து. அதற்கும் கீழே நான்கு கட்டம், நான்கும் மேலிருந்து கீழே இறங்குகிற எழுத்து: பாக்ஸ்பா, உய்குர், தாங்குட், சீனம். பாக்ஸ்பா என்பது மங்கோலியப் பேரரசன் குப்ளாய் கானுக்காக ஒரு திபெத்து பிக்கு செய்து கொடுத்த எழுத்து, 1269-ல் வெளியானது. கட்டங்கட்டமாக, சாவித் துவாரம் மாதிரி இருக்கும். தாங்குட்தான் பொல்லாதது. ஒவ்வொரு எழுத்திலும் பத்துப் பதினைந்து கோடு, ஊசி நுழைய இடம் இருக்காது. அதை ஈயத்தில் கோக்கச் சொன்னால் அன்றைக்கே வேலையை விட்டிருப்பேன். சீனாவின் வடமேற்கில் இருந்த அந்தத் தாங்குட் ராஜ்ஜியத்தை மங்கோலியர் 1227-லேயே தரைமட்டமாக்கிவிட்டார்கள். நூறு வருஷத்துக்கு மேல் கழித்து அதே மங்கோலிய வம்சம் கட்டின வாசலில் அந்த எழுத்து ஏறியிருக்கிறது. பிறகு படிக்க ஆளே இல்லாமல் போய், 19-ஆம் நூற்றாண்டில் ஓர் ஆங்கிலேயர் இதைப் பார்த்து மஞ்சூரியாவின் ஜூர்ச்சன் எழுத்து என்று தப்பாகச் சொல்லிவிட்டார். தாங்குட் என்று தெளிய இன்னும் கொஞ்சம் காலம் ஆனது.

பகானுக்குப் போயிருப்பீர்கள் அல்லவா? மின்கபாவில் மியாசேதிக் கல்வெட்டு. 1113-ல் சாகக் கிடந்த அப்பா சான்சித்தா ராஜாவுக்காக மகன் ராஜகுமார் புத்தர் சிலை செய்து வைத்த சேதி. தூணின் நான்கு முகத்திலும் நான்கு மொழி: பாலி, பர்மியம், மோன், பியூ. அந்தப் பியூவும் இதே மாதிரி செத்துப்போன மொழி, அந்தக் கல்லை வைத்துத்தான் படிக்கக் கற்றார்கள். மியாசேதியைப் பார்த்த கண்ணுக்கு இந்த வாசல் அந்நியமாகத் தெரியாது.

இன்னொன்று சொல்லிவிட்டு நிறுத்துகிறேன், விரல் வலிக்கிறது. இந்த வாசலைக் கட்டின மங்கோலிய வம்சம்தான் நம் பழைய பகான் ராஜ்ஜியத்தையும் முடித்துவைத்தது. 1277-ல் எல்லையில் சண்டை, பத்து வருஷத்தில் எல்லாம் முடிந்தது. நம் நரதிகபதே ராஜாவுக்குத் தயோக் பியே மின், சீனனுக்குப் பயந்து ஓடின ராஜா என்று பள்ளிக்கூடப் பிள்ளை கூடப் பெயர் சொல்லும். சரி. அந்த வம்சத்தின் கடைசி ராஜா காலத்தில்தான் இந்த மேடை கட்டினார்கள். 1368-ல் அடுத்து வந்த மிங் வம்சத்தின் படை வந்தபோது அவர் பெய்ஜிங்கை விட்டு வடக்கே ஓடினார். எந்த வழியாகத் தெரியுமா? இதே ஜூயோங் கணவாய் வழியாகத்தான்.

உளுந்துக்கடைத் தம்பி, யாங்கோன்

மாமா, அசத்திட்டீங்க. அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். குபேரன் என்றதும் "சரி, அங்கேயே போவோம்" என்றுவிட்டார். இரண்டு சந்தேகம். ஆறு எழுத்தில் தமிழ் ஏன் இல்லை என்று அம்மா கேட்கிறார். அப்புறம், அவர் சுத்த சைவம், அங்கே சாப்பாடு என்ன பண்ணுவது?

மோல்மேன் அச்சுக்கோப்பான்

தமிழ் இந்த வாசலில் இல்லை. ஆனால் அதே மங்கோலியர் காலத்தில், 1281-ல், சீனாவின் சுவான்ஜோ துறைமுகத்தில் தமிழில் கல்வெட்டே வெட்டி வைத்திருக்கிறார்கள் நம் ஆட்கள். பகானிலும் அதே 13-ஆம் நூற்றாண்டில் ஒன்று உண்டு: மலைமண்டலத்து (கேரளம்) மகோதயர்பட்டினத்துக்காரர் ஒருவர் நானாதேசி விண்ணகர் என்ற பெருமாள் கோயிலுக்கு மண்டபமும் விளக்கும் கொடுத்த சேதி. அம்மாவிடம் சொல்லுங்கள், வியாபாரி போன இடமெல்லாம் தமிழ் இருந்தது. ஜூயோங்கில் வியாபாரமா நடந்தது?

அந்தப் பெயருக்கே ஒரு காரணம் சொல்வார்கள். சுவர் கட்டப் பிடித்து வந்த கூலியாட்களைக் குடிவைத்த இடமாம், அதுதான் ஜூயோங். மேஸ்திரி பிடித்துக் கப்பலேற்றிய கூட்டத்தின் பேரன் நான். அங்கே நின்றபோது அது கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது.

சாப்பாடு: நம்பாதீர்கள். காய்கறி என்று கேட்டாலும் பன்றி எண்ணெயில் வதக்கிவிடுவார்கள். எலுமிச்சைச் சாதமோ புளிச்சாதமோ ஓட்டலிலிருந்தே கட்டிக்கொள்ளுங்கள்.

மேமியோ ரயில்வே

அம்மாவோடு போகிறவருக்கு ஒரு ஆசை காட்டுகிறேன். என் அப்பா மேமியோ ரயில் லைனில் தண்டவாளம் மாற்றுகிற பாயிண்ட்ஸ்மேன். மண்டலேயிலிருந்து மலை ஏறும்போது ரயில் முன்னும் பின்னுமாகப் போய்ப் போய் ஏறுமே, அதே வித்தை ஜூயோங் பள்ளத்தாக்கிலும் உண்டு. பெய்ஜிங்–ஜாங்ஜியாகோவ் லைன், 1905-ல் தொடங்கி 1909-ல் முடித்தது. வெள்ளைக்கார எஞ்சினியர் இல்லாமல் சீனர்களே போட்ட முதல் பெரிய லைன். தலைமை எஞ்சினியர் ஜான் தியான்யூ. கணவாய் ஏற்றத்தைச் சமாளிக்க சிங்லோங்சியாவ் ஸ்டேஷனில் தண்டவாளத்தை இரண்டாக மடித்தார். முன்னாலும் பின்னாலும் எஞ்சின் கட்டி, ஸ்டேஷன் வந்ததும் திசை மாற்றி இழுப்பார்கள். அந்த ஸ்டேஷனில் அவர் சிலை நிற்கிறது.

இன்றைக்கும் எஸ்2 என்று ஒரு லோக்கல் ரயில் பெய்ஜிங்கின் ஹுவாங்துதியான் ஸ்டேஷனிலிருந்து அந்தப் பழைய லைனில் போகிறது. ஜூயோங்கில் நிற்காது, ஆனால் ஜன்னலிலிருந்து சுவர் நன்றாகத் தெரியும். மார்ச் கடைசி, ஏப்ரல் முதலில் தண்டவாளம் இரண்டு பக்கமும் பாதாம், பீச் மரம் பூத்திருக்கும். அதைப் படம் எடுக்கவே சுவர் மேல் ஒரு கூட்டம் காத்திருக்கும். திஞ்சானுக்குள் பூ பாதி உதிர்ந்திருக்கும், அதிர்ஷ்டம் இருந்தால் பார்க்கலாம். முழங்காலுக்கு வேலையே இல்லை.

புது அதிவேக ரயில் 2019 டிசம்பரில் வந்துவிட்டது. அதன் படாலிங் ஸ்டேஷன் பூமிக்கு 102 மீட்டர் கீழே. எஸ்கலேட்டரில் ஏறி வருவதே ஒரு யாத்திரை.

கமாயுட் கலா

சரி சரி, தோற்றுப்போனேன். ஆனால் ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஏப்ரலில் நமக்கு நாற்பது டிகிரி கொதிக்கும்போது அங்கே காலையில் பத்துக்குக் கீழே. கணவாயில் காற்று வேறு புனல் வைத்து ஊதின மாதிரி வரும். கூகுள் வேலை செய்யாது, சீன மேப்பைப் போனில் ஏற்றிக்கொள்ளுங்கள். டிக்கெட்டுக்குப் பாஸ்போர்ட் கேட்பார்கள். எல்லாம் போனில்தான் பணம் கட்டுகிறார்கள், என்றாலும் யுவான் நோட்டுக் கொஞ்சம் கையில் இருக்கட்டும். கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளி வையுங்கள்.

உளுந்துக்கடைத் தம்பி, யாங்கோன்

போய் வந்தாச்சு. மெஷின் விலை படியவில்லை, அது வேறு கதை.

தனிக் கார் பிடித்தோம். ஓட்டலிலிருந்து ஒன்றேகால் மணி நேரம். டிரைவர் போகும் வழியில் ஒரு முறை "ஜேட்?" என்றார். அம்மா தன் காதுத் தோட்டைத் தொட்டுக் காட்டி "மியன்மா" என்றார். அவர் சிரித்துவிட்டு அப்புறம் வாயே திறக்கவில்லை.

உள்ளே போனதும் இலவம்பஞ்சு மாதிரி ஏதோ பறந்து மூக்கில் ஏறியது. பாப்ளர் மரத்துப் பஞ்சாம். அலர்ஜி உள்ளவர்கள் மாஸ்க் எடுத்துப் போங்கள், இதை யாரும் சொல்லவில்லை.

மேக மேடைக்கு முன்னால் அம்மா நின்ற நிலை. நான் கருடனைக் காட்டுவதற்குள் அவரே கண்டுபிடித்துவிட்டார். உள்ளே போய் ஒவ்வொரு காவலரிடமும் ஐந்து ஐந்து நிமிஷம் நின்றார். காலடியில் மிதிபடுகிற பூதத்தைப் பார்த்து "இது நம்ம முயலகன்தானே?" என்றார். வீணைக்காரர் பிடித்திருந்தது. குபேரரைப் பார்த்து மட்டும் ஏமாற்றம்: "குடை வச்சிருக்கார், பணப்பை எங்கே?" கல் தரையில் வண்டிச் சக்கரம் போய்ப் போய் வாய்க்கால் மாதிரி பள்ளம் விழுந்திருக்கிறது. அம்மா செருப்பை அதற்குள் வைத்து அளந்து பார்த்தார். எழுத்துப் பக்கம் எனக்குத்தான் தலை சுற்றியது. மாமா சொன்ன ஊசி நுழையாத எழுத்தைத் தேடி இரண்டு சுவருக்கும் நடந்தேன்.

அப்புறம் நான் ஏறுகிறேன் என்றதும் அம்மாவும் கிளம்பிவிட்டார். கைப்பிடிக் கம்பி இருந்தது. முப்பத்திரண்டு படி, எண்ணினேன். ஒரு இடத்தில் உட்கார்ந்து புளிச்சாதப் பொட்டலத்தைப் பிரித்தார். பக்கத்தில் வந்த சீனப் பாட்டி ஒருவர் உட்கார்ந்து தன் முழங்காலைக் காட்டினார், அம்மா தன் முழங்காலைக் காட்டினார். பாஷை தெரியாமலே கால் மணி நேரம் பேசினார்கள். நான் மூன்று காவல் கோபுரம் வரை போய்த் திரும்பினேன். மூச்சு வாங்கியது, பூ ஒன்றிரண்டு மரத்தில்தான் மிச்சம். இறங்கும்போது அம்மா பக்கவாட்டில் திரும்பி ஒவ்வொரு படியாக இறங்கினார். ராத்திரி தைலம் தேய்த்தேன்.

மாமா, சுவரைப் படம் எடுத்துக் கீழே போட்டிருக்கிறேன். இதில் தாங்குட் எது? நான் விரல் வைத்துக் காட்டுவதை உய்குர் என்று அம்மாவிடம் அடித்துச் சொன்னது தப்போ என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

மோல்மேன் அச்சுக்கோப்பான்

தப்புத்தான் தம்பி. நூல் கண்டு அவிழ்ந்து தொங்குகிற மாதிரி ஒரே இழையாக இறங்குவதுதான் உய்குர். நீங்கள் விரல் வைத்துக் காட்டியிருப்பது தாங்குட். அடுத்த முறை விரலைக் கொஞ்சம் தள்ளி வைத்து எடுங்கள், மூன்று எழுத்து மறைந்துவிட்டது.